ஏழு ஒன்றுகளை வகுத்தவர்

கனகவல்லி அக்கா இறந்துவிட்ட செய்தியைப் பள்ளிக் காவலர் வந்து சொன்னபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "காத்தாலயே போய்ட்டாங்களாம்மா. ஜொரந்தான்." அவர் நகர்ந்த பிறகும் இரண்டு தாள்களைத் திருத்தினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. பூந்தமல்லியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அக்காவோடு கணக்கு எடுத்தவள் நான். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உலக யுத்தம் தொடங்கிய பிறகு, ராணுவ லாரிகளின் இரைச்சலில் பாடம் நடத்த முடியாது. அப்படியொரு நாளில் அக்கா பலகையில் ஏழு ஒன்றுகளை எழுதினார்: 11,11,111. ஒன்றையும் இதையும் தவிர, இதை மீதியின்றி வகுக்கும் எண் உண்டா? "ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டுற வரைக்கும் பார்த்தா போதும். அதுக்கு மேல ஒண்ணு இருந்தா, அதோட ஜோடி கீழயே மாட்டிக்கும்" என்றார். பகா எண்களைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். வகுப்பு நாள்கணக்கில் வகுத்தது.

அக்காவுக்கு அது தற்காலிக வேலை. நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வந்த இன்ஸ்பெக்டரம்மாவின் முன்னால்தான் பிள்ளைகள் கடைசி விடைகளைச் சொன்னார்கள். வரிசைக்கு வரிசை "போகல டீச்சர்". ஏழு ஒன்றுகள் பகா எண் என்று அக்கா அறிவித்தார். இன்ஸ்பெக்டரம்மா மகிழ்ந்து, சிபாரிசு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜமீலா சிலேட்டோடு வந்தாள். "அம்மாக்குக் கொயந்த பொறந்துகீது டீச்சர், அதான் நேத்து வர்ல. எனக்கு இருநூத்தி முப்பத்தொம்போது குட்த்தீங்களே, அது போவுது."

"இவ வகுத்தா எல்லாமே போவும்" என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி. வகுப்பு சிரித்தது.

அக்கா இரண்டு முறை வகுத்துப் பார்த்தார். ஈவு 4649. மீதி இல்லை. வராத பிள்ளையின் பங்கு விடுபட்டதை முந்தைய நாளின் பரபரப்பில் யாரும் கவனிக்கவில்லை.

"விட்டுடுங்க அக்கா. அந்தம்மா இதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க" என்றேன்.

"அவங்க மாட்டாங்க. ஜமீலா வெச்சிருப்பா."

பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஓடிய கரிவாயு பஸ்ஸில் இடம்பிடித்துப் பட்டணம் போய், இன்ஸ்பெக்டரம்மாவிடம் தான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "'இதுக்காம்மா இவ்ளோ தூரம் வந்தே'ன்னாங்க. தண்ணிகூடக் குடுக்கல" என்று சிரித்தார்.

நிரந்தர வேலை அந்த வருடமும் அவருக்கு வரவில்லை. அடுத்த வருடம் எனக்கு வந்தது. அவர் என்னை வாழ்த்தினார். கடைசிவரை தற்காலிகமாகவே இருந்தார். அவர் செய்த நியாயத்துக்கு ஏதோ பலன் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை.

இப்போது அக்காவின் ஏழாம் வகுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. எந்தக் கணக்குக்கும் விடை இதுதான் என்று பலகையில் எழுதுமுன், இன்று வராதவள் யார் என்று கேட்கிறேன். அவள் வரும்வரை விடையின் இடத்தைக் காலியாக விடுகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். பாடம் பின்தங்குகிறது என்று தலைமையாசிரியை கடிந்துகொள்கிறார். பின்தங்கட்டும்.