இடப்பக்கம் சுற்றிய துண்டு

அந்த விருந்து மண்டபத்தின் கீழ்த்தளச் சமையற்கட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இடுக்கி என்பார்கள். ஓவனிலிருந்து தட்டை இழுக்கும் நீண்ட இடுக்கி எந்நேரமும் அவள் கையில் இருக்கும். பிடித்ததை விடமாட்டாள் என்பது இன்னொரு காரணம். ஒருமுறை, பரிமாறுகிறவன் ஒருவன் மேலே போக வேண்டிய தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கேட்டதற்கு அவள் இடுப்பில் கை வைத்தான். இடுக்கியால் அவன் மூக்கைக் கவ்வி, ரத்தம் ஒழுக ஒழுக மாடிப்படி வரை நடத்திக்கொண்டு போய் விட்டாள். அவன் போலீசுக்குப் போனான். சமையல் மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அடுத்த தடவ அதக் கழுவிட்டு அடுப்புக்கிட்ட வாம்மா."

பாத்திரம் தேய்க்க வந்தவள், பொரிக்கிற இடத்துக்கு உயர்ந்து, இப்போது சுடுகிற பகுதி முழுக்க அவள் கையில். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "என் தங்கச்சி பண்ணிக்கிட்டதே ரெண்டு பேருக்கும் போதும்" என்பாள்.

தங்கையைக் கட்டியவன் இறைச்சிக் கடையில் வெட்டுகிறவன். தங்கையின் விலா எலும்பு அவனால் ஒருமுறை முறிந்தது, தாடை ஒருமுறை விலகியது. இரண்டு தடவையும் அக்காள்தான் அவளைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதிகாரி கேட்டதும் தங்கை புருஷன் முகத்தைப் பார்த்தாள். மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். அவர்கள் வீட்டில் மாடிப்படியே கிடையாது. அதிகாரி அக்காளைப் பார்த்து, "ஏம்மா, ஒரு குடும்பத்தப் பிரிக்கிறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?" என்று கேட்டார்.

அடுத்த முறை தங்கை செருப்பில்லாமல், உதடு கிழிந்து, சமையற்கட்டின் பின்வாசலுக்கே வந்து நின்றாள். இடுக்கி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஒரு மேலங்கியை எடுத்து மாட்டிவிட்டு, உருளைக்கிழங்கு மேசையில் உட்காரவைத்தாள். மாவு மூட்டை அறையில் படுக்கை. வெளியே தலைகாட்டக் கூடாது. அவன் ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடினான், மண்டபத்திலும் வந்து விசாரித்தான். சமையற்கட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

தங்கைக்கு அந்த வேலை நன்றாக வந்தது. பன்றி இறைச்சிச் சீவலைச் சுற்றிய உருளைக்கிழங்குக்கு மண்டபத்தில் ஏகப்பட்ட கிராக்கி. சின்னக் கிழங்கை இரண்டாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆவி போகும்வரை ஆறவிட வேண்டும். ஈரம் இருந்தால் சீவல் ஒட்டாமல் நழுவும். மிளகுத்தூளும் கொஞ்சம் எண்ணெயும் போட்டுப் புரட்டி, அரைச் சீவலை இழுத்துச் சுற்றி, தண்ணீரில் ஊறிய பல்குச்சியால் குத்தி, கம்பி வலை வைத்த தட்டில் அடுக்கிச் சுட வேண்டும். கொழுப்பு உருகிக் கீழே சொட்டும், மேலே மொறுமொறுப்பாகும். இதைத் தங்கை கல்யாணமான புதிதில் புருஷனின் கூட்டாளிகளுக்காகச் செய்திருக்கிறாள். ஒருநாள் பல்குச்சியை ஊறவைக்க மறந்தாள். குச்சியெல்லாம் கருகிவிட்டது. விருந்தாளிகள் போனபின் அவன் அவள் வலது உள்ளங்கையைச் சூடான தட்டில் வைத்து அழுத்திப் பிடித்தான். அன்றிலிருந்து அந்தக் கை சரியாக மடங்காது. இடது கையால் சுற்றப் பழகினாள். மற்றவர்கள் சுற்றினால் சீவலின் முனை வலப்பக்கம் வந்து நிற்கும். அவளுடையது இடப்பக்கம் வந்து, ஒரு முறுக்கு வாங்கி, குச்சிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஒரு கம்பெனி ஆண்டுவிழாவுக்கு ஏற்பாடு நடந்த வாரம் சீவல் தடிதடியாக வந்து இறங்கியது. சுட்டால் வெளியே கருகியது, உள்ளே கொழகொழ என்றிருந்தது. பாதி துண்டுகள் சுருள் பிரிந்து மல்லாந்தன. இடுக்கி கடைக்காரனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"என்னய்யா அனுப்பிருக்க? சீவலா, செருப்புத் தோலா?"

"புது ஆளு வெட்டறாரும்மா. கைதேர்ந்தவருதான். உங்களுக்கு எப்படி வேணும்னு ஒரு மாதிரி அனுப்புங்க, அவர்கிட்டயே காட்டிடறேன்."

பழைய சரக்கில் மிச்சமிருந்த மெல்லிய சீவலைச் சுற்றி, தங்கை அப்போதுதான் ஒரு துண்டை முடித்து வைத்திருந்தாள். மேசையிலேயே அழகாக இருந்தது அதுதான். இடுக்கி அதை எடுத்து, ஒரு டப்பாவில் போட்டு, வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்பினாள். பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட நல்லதைத்தானே அனுப்புவார்கள்?

விழா அன்று மாலை, மேலே பாட்டு ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் மேலே மேசைகளைப் பார்க்கப் போயிருந்தார். முதல் தட்டு ஓவனில் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. பின்வாசல் திறந்தது. தோளில் சரக்குப் பெட்டியோடு தங்கையின் புருஷன் உள்ளே வந்தான். இடுப்பில் வெட்டுக்கத்தி. தங்கை சட்டென்று மேசைக்கு அடியில் பதுங்கினாள்.

பெட்டியை இறக்கினான். மேலங்கிப் பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினான்.

"சௌக்கியமா அண்ணி? சீவல் நீங்க கேட்ட மாதிரியே மெல்லிசா கொண்டாந்திருக்கேன். இத யாரு சுத்துனது?"

இடுக்கி டப்பாவுக்குள் இருந்த துண்டைப் பார்த்தாள். தன் கையாலேயே முகவரி எழுதி அனுப்பிய மாதிரி ஆகிவிட்டது.

"நான்தான் சுத்துனேன் மாப்பிள்ள. சரக்க வெச்சிட்டீங்கல்ல, கெளம்புங்க."

"நீங்க இடக்கை ஆளில்லையே அண்ணி."

சொல்லி முடிப்பதற்குள் அடித்தான். அவள் தலை ஓவன் கதவில் மோதியது, காதுக்குள் கொய்யென்றது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் குளிர் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவன் மேசைக்கு அடியில் குனிந்து, தங்கையின் முடியைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் முகத்தை மேசை விளிம்பில் ஓங்கி மோதினான். கிழங்குகள் சிதறி ஓடின. இன்னொரு முறை மோதினான். தங்கை கத்தவில்லை. கத்தினால் இன்னும் விழும் என்று அவள் உடம்புக்கு எப்போதோ தெரிந்துபோயிருந்தது.

"வீட்டுக்கு நடடி. உங்கக்கா உனக்குச் சமைக்கக் கத்துக்குடுத்தாளா? மிச்சப் பாடத்த வீட்டுல நான் முடிச்சுவைக்கறேன்."

"டேய், கைய எடுடா" என்றாள் இடுக்கி. வாயில் ரத்தம் கோத்திருந்தது.

அவன் கத்தியை உருவினான். "கிட்ட வந்தா உங்களையும் சீவிடுவேன் அண்ணி. மெல்லிசாவே."

அவள் ஓவனைத் திறந்தாள். வலையில் துண்டுகள் குதித்துக்கொண்டிருந்தன, அடியில் கொழுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. தட்டை இடுக்கியால் கவ்வி இழுத்து, அப்படியே அவன் மேல் வீசினாள். கழுத்திலும் தோளிலும் கொழுப்பு விழுந்தது. சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. அவன் மாடு மாதிரி அலறிக்கொண்டு கத்தியைக் கண்மண் தெரியாமல் வீசினான். அவள் முன்கை முழங்கை வரை திறந்துகொண்டது. அவள் பின்வாங்கவில்லை. கத்தி பிடித்த மணிக்கட்டை இடுக்கியால் கவ்வி, முழு உடம்பின் எடையையும் அதன் மேல் போட்டாள். ஏதோ நொறுங்கிற்று. கத்தி விழுந்தது, அவனும் விழுந்தான். காலியான தட்டை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். மறுபடி அடித்தாள். தட்டு வளைந்தது. மாஸ்டர் ஓடிவந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்திராவிட்டால் கொன்றே போட்டிருப்பாள். அது அவளுக்கும் தெரியும்.

போலீஸ் வந்தது. அதே அதிகாரி, கூட ஒரு பெண் காவலர். ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைத் தூக்குபடுக்கையில் ஏற்றும்போதே அவன் முந்திக்கொண்டான்.

"சரக்கு கொண்டாந்தேன் சார். பெட்டி அங்க இருக்கு பாருங்க. இந்தப் பைத்தியம் கொதிக்கிற கொழுப்ப எம்மேல ஊத்திட்டா. கத்தி எந்தொழில் சாமான். அவளே வந்து விழுந்தா."

குளிர் அறையிலிருந்து வெளியே வந்த இருவரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். மாஸ்டர் பார்த்ததெல்லாம் அவள் அவனை அடித்ததைத்தான். அதிகாரி இடுக்கியை ஏற இறங்கப் பார்த்தார். "மூக்கத் திருகுன ஆளு நீங்கதானே?" அவளுடைய நல்ல கையில் விலங்கு விழுந்தது. மறு முனை பெண் காவலரிடம்.

அதிகாரி தங்கையிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இந்தத் தடவையும் மாடிப்படிதானா?"

"சொல்லுடி," என்றான் புருஷன் படுத்தபடி. "நான் உன்ன என்ன பண்ணேன்? சொல்லு."

தங்கை அவன் முகத்தைப் பார்த்தாள். இடுக்கிக்கு அந்தப் பார்வை தெரியும். இரண்டு முறை பார்த்திருக்கிறாள். முடிந்தது, என்னை உள்ளே போட்டுவிட்டு இவளை அவனோடு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். வாயைத் திறந்து எடுத்துக்கொடுக்கவும் முடியாது. தங்கை சொன்னால்தான் அது தங்கையின் சொல்.

தங்கை வாயிலிருந்து உடைந்த பல் ஒன்றை உள்ளங்கையில் துப்பி, மேசை மேல் வைத்தாள்.

"கல்யாணமான மொத மாசம் இஸ்திரிப் பொட்டியால இங்க," என்று தோளைக் காட்டினாள். "அப்புறம் இந்தக் கை. தட்டுல வெச்சு அமுக்குனாரு. அப்புறம் விலா. நான் விழல சார், மிதிச்சாரு."

"இன்னிக்கு நடந்தத மட்டும் சொல்லும்மா."

"அங்கதான் சார் வந்துட்டிருக்கேன். நடுவுல பேசாதீங்க."

"என்னக் கொண்டு போங்கய்யா!" என்று அவன் ஆம்புலன்ஸ்காரர்களிடம் கத்தினான். பின்சந்தில் வண்டி நுழையாது. மாடிப்படியேறி, மண்டபத்தின் வழியாகத்தான் போக வேண்டும். தூக்குபடுக்கை படியேறியது. தங்கை அதன் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினாள். சொல்வதை நிறுத்தவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே பின்னால் ஓடினார்.

கதவு திறந்ததும் பாட்டுச் சத்தம் கீழே வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. விருந்தாளிகள் அத்தனை பேர் நடுவில் தங்கையின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: தாடை விலகிய கதை, செருப்பில்லாமல் ஓடிவந்த கதை, பிறகு இன்றைய மேசை விளிம்பு, கத்தி, அக்காளின் கை. ஒன்றையும் அவள் விடவில்லை.

பெண் காவலர் மேலே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இடுக்கியின் முன்கையிலிருந்து தரையில் சொட்டுவதைப் பார்த்தாள். சாவியை எடுத்து விலங்கைக் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

"சுத்தமான துணி எங்கக்கா இருக்கு?"

"மேல் அலமாரியில. நீலமா இருக்கறத எடுக்காதம்மா, அது மேசை துடைக்கிறது" என்றாள் இடுக்கி. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.