மல்லாட்டைக் கொல்லையில் என் குரல்

ஏழு வாரம் என் குரல் எங்கள் மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை போட்ட நிலத்தை, காவல் காத்தது. அந்த ஏழு வாரமும் நான் கடலூரில், மஞ்சக்குப்பத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் எல்லோர் கொல்லைக்கும் மயில் வருகிறது, எங்களுடையதற்கு மட்டும் வருவதில்லையாமே, என்ன புண்ணியம் செய்தோமோ என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கொல்லை என் பெயரில் இருக்கிறது. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி முட்லூரில் இறங்கி, பரங்கிப்பேட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் போய் மணல் பாதையில் திரும்பினால் ஒன்றேகால் ஏக்கர். அப்பா எனக்கு எழுதி வைத்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் என் தம்பியின் பங்கு. சிதம்பரத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். தன் பங்கு முழுவதும் சவுக்கு நட்டுவிட்டான்.

"சவுக்கு போட்டுட்டா நாலு வருஷம் திரும்பிப் பாக்க வேணாங்க்கா. உன்னுதையும் குடு, சேத்து நட்டுடறேன்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான்.

நான் கொடுத்திருப்பேன். குறுக்கே வந்தது என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆன முதல் மாதம் என் சமையலறை டப்பாக்களில் எல்லாம் உள்ளே இருக்கும் பொருளைப் படமாக வரைந்தார். துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் படத்தில் ஒன்றாகவே இருந்தன. இரண்டு நாள் சாம்பார் என்ன ருசி என்றே எங்களுக்குத் தெரியவில்லை. நான் கத்திய கத்தலில் அவர் பயந்துபோய், "நான் கொல்லையப் பாத்துக்கறேம்மா" என்று கிளம்பினார். இப்படித்தான் எங்கள் வீட்டில் விவசாயம் ஆரம்பித்தது.

முதல் வருஷம் உளுந்து. அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு செடியிலேயே முளைத்துவிட்டது. அடுத்த வருஷம் எள். பட்டம் தப்பி, பருவம் கடந்து விதைத்தார். எதுவும் வரவில்லை. நிலம் வைத்திருப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த முதல் யோசனை, ஓவியரிடம் கொடுக்காதீர்கள் என்பதுதான். மூன்றாவதாக மல்லாட்டை போடுகிறேன் என்றபோது தம்பியையும் உட்கார வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். இது கடைசி. இதுவும் போனால் கொல்லை தம்பிக்கு, சவுக்குக்கு. அவர் தலையை ஆட்டினார். தம்பி அன்றைக்கே சவுக்கு நாற்றுக்குச் சொல்லிவைத்துவிட்டான்.

ஆனால் உள்ளுக்குள் அவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. கொல்லைக்குப் போக ஆரம்பித்த பிறகு மனிதர் மாறிவிட்டார். காலை முதல் பஸ்ஸில் டிபன் டப்பாவோடு போவார். சாயங்காலம் கறுத்துப்போய், கால் முழுக்க மண்ணோடு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். டப்பாக்கள் பக்கம் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லை. இதை நான் வெளியே சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வார்.

மார்கழி பிறந்ததும் விதைத்தார். மறுநாளே மயில் வந்தது. மல்லாட்டை விதையை மண்ணுக்குள்ளிருந்து மயில் எடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். நாம் விதைத்ததைத் திருத்திக்கொடுக்க வந்த மேஸ்திரி போல வரிசை பிடித்து வரும். அடித்தால் கேஸ். அடிக்கவும் இவரால் முடியாது, முருக பக்தர். மயிலைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்.

"முருகன் வாகனம்மா."

"வாகனம்னா ஷெட்ல நிக்கணும். நம்ம கொல்லயில என்னா வேல?" என்றேன் நான்.

விவசாயத்துக்கு யோசனை வேண்டும் என்றால் என் கடையைப் போல ஒரு இடம் கிடையாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற நாள். மாவட்டம் முழுவதிலிருந்தும் வருகிற விவசாயிகளுக்கு நான்தான் மனு அடித்துத் தருகிறேன். அடித்துக்கொண்டே, "ஐயா, மயிலுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்பேன். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் உடனே போன் போட்டு அவருக்குச் சொல்வேன்.

ஒருவர் பொம்மை வைக்கச் சொன்னார். வரைகிறவர் கையில் பொம்மை அகப்பட்டால் என்ன ஆகும்? மீசை, கண்ணாடி, சட்டைப் பையில் பேனா. பார்த்தால் மரியாதை வருகிற முகம். பால்காரர் இரண்டு நாள் அதற்கு வணக்கம் வைத்திருக்கிறார். மயிலுக்கும் பிடித்துப்போய் அதன் தோளில் ஏறி உட்கார்ந்தது. இன்னொருவர் அழுகின முட்டையைக் கரைத்துத் தெளித்தால் வாடைக்கே மயில் வராது என்றார். இவர் தெளித்தார். மயில் வந்தது. கூடவே நாலு நாய்களும் வந்தன. அன்று திரும்பி வரும்போது பஸ் கண்டக்டர் இவரைக் கடைசி சீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மனுவைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார்.

"மயிலு பொம்மைக்குலாம் பயப்படாதும்மா. மனுஷன் பேச்சுக்குத்தான் பயப்படும். கொல்லயில ஆளு பேசிக்கினே இருக்கணும். காய்கறி வண்டியில கத்துதே, அந்த ஸ்பீக்கர வாங்கி, பேசிப் பதிவு பண்ணி உடு."

இது நல்ல யோசனையாகப் பட்டது. என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் ஒரு ஸ்பீக்கர் வாங்கினார். தன் குரலிலேயே பதிவு செய்தார். எனக்குப் போனில் போட்டுக் காட்டினார். "போங்க... தயவுசெஞ்சி போயிடுங்க... வேற எங்கனா பாருங்க..." முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தும் ஒரு பையனைக்கூட அதட்டாத குரல். இந்தக் குரலைக் கேட்டால் எனக்கே அங்கே போய் உட்காரலாம் போலிருந்தது. மயில்களும் ஸ்பீக்கரைச் சுற்றி வந்து உட்கார்ந்தன.

பொங்கல் முடிந்த வாரம் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. "மயிலு வர்றதில்லம்மா" என்றார். எப்படி என்று கேட்டதற்கு, "ஸ்பீக்கர்தான்... கொஞ்சம் சத்தமா வெச்சேன்" என்றார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். செடி பூ விட்டது, விழுது மண்ணுக்குள் இறங்கியது என்று தினமும் சேதி சொன்னார். "மச்சான்தான் வாரத்துல நாலு நாளு வந்து வரப்புல நிக்கிறாரு. அளந்து பாக்க வர்றாரு போல" என்று ஒருநாள் கவலையோடு சொன்னார். செடி காய் பிடிக்கும் முன்பே தம்பிக்கு என்ன அவசரம்?

மாசியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். கீழ சன்னதியில் பூ வாங்க நின்றேன். பூக்காரம்மா அளந்த முழம் என் சுண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் அடங்கிவிடும் போலிருந்தது.

"இது ஒரு முழமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றேன்.

அந்தம்மா கை அப்படியே நின்றுவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"எத?"

"வெக்கமா இல்லன்னு."

சண்டைக்கு இழுக்கிறாள் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள். "அடியே, இங்க வாடி! மயிலு தொரத்தற அம்மா! மல்லாட்டக் கொல்ல அம்மா வந்துருக்காங்க!" அவளுக்கு ஊர் எங்கள் கொல்லைக்குப் பக்கத்து ஊராம். நடு ரோட்டில் வைத்து, நான் வீட்டில் என் புருஷனைத் திட்டியதை ஒரு எழுத்து விடாமல் எனக்கே ஒப்பித்துக் காட்டினாள். பூ இரண்டு முழம் கூடுதலாகக் கொடுத்து, கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரு அந்தப் பக்கம் போனா சைக்கிள மிதிச்சிக்கினு பறக்கறாரும்மா" என்றாள்.

கல்யாணமாவது ஒன்றாவது. பட்டுப்புடவையோடு பஸ் ஏறினேன். மணல் பாதையில் திரும்பும்போதே காற்றில் வந்தது.

"மறுபடியுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு? எத்தன தடவ சொல்றது? யாரும் இல்லன்னு பாத்து நைசா உள்ள வர வேண்டியது, திங்க வேண்டியது, ஒண்ணும் தெரியாத மாரி போவ வேண்டியது! டாக்டர் என்னா சொன்னாரு? எந்திரிங்க! மொதல்ல இந்த எடத்த உட்டுப் போங்க!"

ஒரு நிமிஷம் இடைவெளி. பிறகு மறுபடியும் முதலிலிருந்து நான்.

அவருக்குச் சுகர் இருக்கிறது. பொங்கல் அன்று சமையலறையில் நின்று மயில் விரட்டும் குரலைப் போனில் பதிவு பண்ணிப் பழகிக்கொண்டிருந்தவர், யாரும் இல்லை என்று சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தைத் திறந்திருக்கிறார். நான் பார்த்துவிட்டேன். போன் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. மறுநாள் கொல்லையில் எது எது பதிவாகியிருக்கிறது என்று ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது, ஒரே நொடியில் பதினோரு மயில் பறந்துபோயிற்று என்று அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு முகம் கொதித்தது. ரோட்டு முனை டீக்கடையில் சக்கரை கம்மியாகக் கேட்கிறவர்கள் ஜாஸ்தியாகிவிட்டார்களாம். ஊரே கேட்டிருக்கிறது!

"அணைங்க அத!" என்றேன். ஸ்பீக்கரில் இருந்த நானும் அதே நேரத்தில் "எந்திரிங்க!" என்றேன். அவர் யாருக்குக் கீழ்ப்படிவது என்று தெரியாமல் எழுந்து ஓடிப்போய் அணைத்தார்.

மூன்று நாள் கழித்துச் சாயங்காலம் வந்தவர் பாட்டு எதுவும் பாடவில்லை. காலைக் கழுவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். "நாலு வரிசை போச்சும்மா. காய் பிடிச்ச செடி" என்றார். மறுபடியும் போடட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காததால் எனக்குத் தூக்கம் போயிற்று. என் மானம் பெரிதா, அந்தப் பாட்டு பெரிதா என்று யோசித்துப் பார்த்தேன். ஏற்கெனவே பூக்காரம்மா வரைக்கும் தெரிந்துவிட்டது, இனிமேல் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நானே கொல்லைக்குப் போனேன். செய்வதை ஒழுங்காகச் செய்வோம், டாக்டரை எல்லாம் இழுக்காமல் மயிலுக்கென்றே தனியாகத் திட்டிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். அவர் போனை நீட்டினார். "ம், திட்டும்மா" என்றார்.

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக வாயடைத்து நின்றேன். காரணம் இல்லாமல் எப்படித் திட்டுவது? மயில் தூரத்தில் நின்று பார்த்தது. அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். சோன்பப்டி. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே முழுசாக வாயில் போட்டார்.

அந்தப் பதிவு முன்னதைவிட நன்றாக வந்தது. மயில்கள் அதற்குப் பிறகு எங்கள் வரப்பைத் தாண்டவில்லை. டாக்டர் இந்தத் தடவையும் திட்டுக்குள்ளே வந்துவிட்டார், என்ன செய்ய!

சித்திரை பிறந்து செடி பிடுங்கினோம். ஒவ்வொரு செடியும் கொத்துக் கொத்தாகக் காயோடு வந்தது. செடியிலிருந்து காய் ஆய்கிற பெண்கள் என் குரலில் ஒருத்தியை ஒருத்தி அதட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவர் மண்ணில் உட்கார்ந்து ஒரு செடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது தம்பி வந்து வரப்பில் நின்றான். நான் எழுந்து போனேன். வாக்குக் கொடுத்தவள் நான், பேச வேண்டியவளும் நான்தான்.

"பாத்தல்ல? கொல்ல உங்க மாமாவுக்குத்தான்டா. நீ சும்மா சும்மா வந்து அளந்துக்கினு நிக்காத."

"நான் எங்கக்கா அளந்தேன்? நாத்த அப்பவே வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். மாமாவே வெச்சிக்கட்டும்." கொஞ்சம் தயங்கினான். "அறுத்தாச்சேன்னு அந்த ஸ்பீக்கர எடுத்துடாதக்கா."

"ஏன்டா? உன் சவுக்க மயிலு திங்கப் போவுதா?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். அவன் பெண்டாட்டி, மகளுக்குத் துணையாகப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூருக்குப் போனவள். கடையும் வீடுமாக இங்கே அவன் மட்டும்தான் இருக்கிறான்.

"அவ போயி ஒன்றர வருஷம் ஆவுது. டெய்லி போன் பண்றா, நல்லாதான் பேசறா. திட்டறதே இல்லக்கா. இங்க வந்து உன் கொரல ரெண்டு தடவ கேட்டுட்டுப் போனா அன்னிக்கு ஒழுங்கா சாப்புடறேன்."

நான் அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சட்டை தோளில் தொங்கியது. மேல் பட்டன் இல்லை.

"என்னாடா கோலம் இது? வெக்கமா இல்ல உனக்கு?" என்று அங்கேயே ஆரம்பித்தேன். ஆய்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், பட்டனைக் கேட்டேன், மாத்திரையைக் கேட்டேன், இத்தனை நாள் அக்கா ஒருத்தி கடலூரில் இருக்கிறாள் என்று தெரியவில்லையா என்று கேட்டேன். அவன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.