பானெட்டில் ஒரு பச்சைச் சொட்டு

அப்பா இறந்தபின் எங்கள் வெள்ளை அம்பாசிடர் ராஜபாளையம் வீட்டு ஷெட்டிலேயே கிடந்தது. விற்பதற்காகக் கழுவினேன். புறா எச்சம் ஈரத்துணி போட்டு ஊறவைத்ததும் விட்டது. மாம்பிசின் மண்ணெண்ணெய்க்கு இளகியது. பானெட்டில் இருந்த பச்சைச் சொட்டு மட்டும் போகவில்லை. பிளேடை எடுத்தேன்.

"ஏட்டி, அத விட்டுரு. ஒங்கப்பா வாசக்கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கையில சிந்துனது" என்றாள் அம்மா. கார் வாங்க வந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் அதைக் காதில் வாங்கியபடி சொட்டைக் குனிந்து பார்த்தார்.

சில வருடம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் அதே காரைப் பார்த்தோம். புதுப் பெயிண்ட் மின்னியது. பானெட்டில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் பழைய வெள்ளை. நடுவே அந்தப் பச்சைச் சொட்டு.

"மொதலாளி இத மட்டும் தொடக்கூடாதுன்னுட்டாக" என்றார் டிரைவர்.

அம்மா அதை விரலால் தடவினாள்.

அந்த மனிதருக்கு அப்பாவைத் தெரியாது. தெரிந்த என் கையில்தான் அன்று பிளேடு இருந்தது.