ஞானஸ்நானப் பதிவேட்டில் அம்மாவின் பெயர்

என் அம்மாவைப் பெற்றவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ரங்கூனில் அரிசி ஆலை இன்ஜினியர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தமிழ் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார். கப்பல் மூழ்கிவிட்டது என்று யாரோ சொல்ல, வீட்டில் நம்பிவிட்டார்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து, ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும், கல்லறை இல்லாதவர்களுக்கான பெரிய சிலுவையடியில் அம்மா அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

போன வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தாள்.

"அவரு செத்த தேதி தெரிஞ்சா அன்னைக்கு ஒரு பூசை வச்சிரலாம்ப்பா. நான் கண்ண மூடறதுக்குள்ள பாரு."

எனக்கு அந்த மனிதர்மேல் துளி மரியாதை கிடையாது. அம்மாவுக்காகத்தான் தேடினேன். ரங்கூனில் எங்கள் தாகேதா பேட்டையில் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, ஸ்காட்லாந்தில் அவருடைய மாவட்டத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைப் போனில் புரட்டினேன். ஊர் முழுக்க ஏழெட்டுப் பெயர்களையே திருப்பித் திருப்பி வைத்திருந்தார்கள். தலை சுற்றியது. கடைசியில் அவருடைய ஊர்த் தேவாலயத்துக்கே எழுதினேன். பதிவேடு பார்க்கும் பெண்மணி இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார்.

ஒன்று அடக்கப் பதிவு. மனிதர் மூழ்கவேயில்லை, ஊர் போய்ச் சேர்ந்து, கிழவராகிச் செத்திருக்கிறார். மற்றது ஞானஸ்நானப் பதிவு. போர் முடிந்த பிறகு அங்கே அவருக்கு ஒரு மகள். அவளுக்கும் என் அம்மாவின் பெயரேதான், அவருடைய தாயின் பெயர். அம்மாவை நினைத்துத்தான் வைத்தாரோ என்று என் கண் கலங்கிவிட்டது. அதை அந்தப் பெண்மணிக்கும் எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. தாயின் பெயரை ஒரு மகளுக்கு வைப்பது அவர்கள் வழக்கமாம். அந்த மகள் இறந்துபோனால், அதே பெயரை அடுத்தவளுக்கு வைப்பார்களாம். உங்கள் ஊரில் இருந்த குழந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டதா என்று கனிவாகக் கேட்டிருந்தார். அந்த மனிதரும், மகள் செத்துவிட்டாள் என்று யாரோ சொன்னதை நம்பினாரோ, நம்புவது வசதி என்று நம்பினாரோ, யார் கண்டது?

"கெடச்சிச்சா?" என்றாள் அம்மா.

தேதியையும் மாதத்தையும் சொன்னேன். வருஷத்தை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

"எம் பேருலயே எழுதிக் குடுப்பா. மக வச்ச பூசைன்னு இருக்கட்டும்."

கோயிலில் பூசைச் சீட்டு வாங்கினேன். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர். கீழே, கேட்பவர் பெயர். அம்மாவின் பெயரை எழுதினேன். பக்கத்திலேயே, "மகள், உயிரோடு இருக்கிறாள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.