காப்பி கூடாத காலைகள்

நியூட்ரினோ என்னும் நுண்துகள் பற்றிய ஆய்வில் தரவுகளை அலசுவது என் வேலை. கணக்கிடும் முறை முடிவாகும்வரை விடையை எங்களிடமிருந்தே மறைத்து வைப்போம். எங்கள் ஆசை கணக்கை வளைத்துவிடக் கூடாது. அப்பா புது மாத்திரைக்கான சோதனையில் சேர்ந்தபோது, அங்கும் அப்படித்தான் என்றேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே போலிருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது.

"அப்ப நீயும் கண்ணக் கட்டிகினுதான் வேலை செய்யிறியா?" என்று சிரித்தார்.

காப்பி அந்த மருந்தோடு சேராது என்பதால் சோதனையில் எல்லோருக்கும் ஒரே விதி, காப்பி கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய காலமெல்லாம் அவருக்குக் காப்பியில்தான் விடிந்தது. "ஒரே ஒரு வாய் குடும்மே, யாருக்குத் தெரியப் போவுது?" என்று கெஞ்சுவார். அம்மா கொடுக்கவில்லை. தானும் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அப்பா இறந்த பிறகுதான் முடிவுகள் வந்தன. மருந்து பலரைக் காப்பாற்றியிருந்தது. அப்பாவுக்குக் கிடைத்தது மாவு என்று மருத்துவமனையிலிருந்து போனில் சொன்னார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். மருந்து கிடைக்காததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"வெறும் மாவுக்கு இன்னாத்துக்குடி காப்பிய நிறுத்தணும்?"

விதி ஆளுக்கு ஆள் மாறினால் யாருக்கு எது என்று தெரிந்துவிடும். காரணம் எனக்குத் தெரியும்.

அம்மா இன்னும் காப்பி குடிப்பதில்லை.