ஏழாம் வரியை மாற்றாத டீச்சர்

செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் ஒரு முக்கோணத்தைப் பாதி வரைந்திருந்தபோது செய்தி வந்தது. அழைத்தது எங்கள் பழைய மாணவி முத்துலட்சுமி. "டீச்சரே, இசக்கி டீச்சர் போயிட்டாங்க. நெஞ்சுவலின்னு கொண்டு போயிருக்காங்க, வழியிலேயே முடிஞ்சிருச்சு" என்றாள். மூன்றாவது கோட்டைப் போடாமலே வகுப்பை விட்டு வெளியே வந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இசக்கியம்மாள் டீச்சர், மலையாளம் பேசும் இந்த நகரில், சாலை என்ற கடைத்தெருவை ஒட்டிய எங்கள் தமிழ்ப் பள்ளியில் தமிழாசிரியை. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து சாலையில் ஓட்டல் வேலை பார்த்தவரின் மகள். நான் வசந்தா, கணக்கு டீச்சர். கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் பிறந்தவள். ஆசிரியர் அறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இரங்கல் கட்டுரைகளில் 'இனிய சுபாவம் கொண்டவர்' என்று எழுதுவது வழக்கம். டீச்சருக்கு அப்படியொரு சுபாவம் கிடையாது. வேலையில் சேர்ந்த அன்றே ஹெட்மாஸ்டர், "பிள்ளைகளுக்குக் கூப்பிட எளுப்பமா இந்துன்னு வச்சுக்கிடலாமே டீச்சரே" என்றார். "பதினாறாம் வாய்ப்பாடு வருது சார், என் பேரு மட்டும் வராதா?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புக்கு அவர் ஒரு வேலை கொடுப்பார். வரலாற்றில் வாழ்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வாழ்க்கையைப் பன்னிரண்டு வரிப் பாட்டாக எழுத வேண்டும். நோட்டின் இடப்பக்கம் பாட்டு. வலப்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் சாட்சி. எந்தப் புத்தகம், எந்தக் கல்வெட்டு, சொன்னது யார், அவர் நேரில் பார்த்தவரா என்றெல்லாம் எழுத வேண்டும். சாட்சி இல்லாத வரியில் சிவப்பு மையால் ஒரு கோடு விழும். "கவிதைக்குச் சாட்சி கேட்கிற ஒரே ஆள் நீங்கதான்" என்று நான் கிண்டல் செய்வேன். "செத்தவங்க வந்து மறுத்துப் பேச மாட்டாங்கல்ல டீச்சரே. அவங்களுக்காக நாமதான் பேசணும்" என்பார்.

பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் ஒரு பாட்டு எழுதுவார். ஒருமுறை ஒரு விடுதலைப் போராட்டக்காரரைப் பற்றி, 'சிரித்த முகத்தோடு சிறைக்குப் போனார்' என்று எழுதியிருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "சிரிச்சதை ஆரு கண்டா டீச்சரே?" என்று கேட்டான். டீச்சர் தன் நோட்டைப் பார்த்தார், வலப்பக்கம் காலி. சிவப்புப் பேனாவை அவனிடமே கொடுத்து, தன் வரியை அடிக்கச் சொன்னார். அன்று மதியம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பிறகுதான் அந்த வருடம் வந்தது. எங்கள் பள்ளியின் மேனேஜர், அதாவது பள்ளியை நடத்தும் குடும்பத்தின் தலைவர், தம் தாத்தாவான நிறுவனரைப் பற்றி ஆண்டு விழாவில் ஒரு பாட்டு வாசிக்கப்பட வேண்டும் என்று விரும்பினார். டீச்சர் முத்துலட்சுமியைத் தேர்ந்தெடுத்தார். வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களின் மகள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பன்னிரண்டு வரியையும் வேகமாக எழுதிவிட்டாள். ஏழாம் வரியில் சிக்கல் வந்தது. 'தன் மண்ணைத் தானம் தந்தார்' என்று எழுதி, வலப்பக்கத்தில் 'வாசல் கல்வெட்டு' என்று குறித்திருந்தாள். "கல்லை வச்சதும் அவங்க வீட்டு ஆளுங்கதானே, வேற சாட்சி பாரு" என்றார் டீச்சர்.

இருவரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மூன்று முறை அலைந்தார்கள். "எந்தினா டீச்சரே இத்ர பழைய ஆதாரம்?" என்று குமாஸ்தா மலையாளத்தில் கேட்டாராம், இவ்வளவு பழைய பத்திரம் எதற்கென்று. பிள்ளைக்குப் பாட்டு எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னதும், அந்த மனிதர் சிரித்துக்கொண்டே நிலப்பத்திரத்தின் நகலைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் நிலத்தை எழுதிக் கொடுத்தவர் நிறுவனர் அல்ல. தாயம்மை என்ற பெண். சாலை ஓட்டல்களுக்கு மாவு இடித்துக் கொடுத்துப் பிழைத்தவர். தமிழ்ப் பிள்ளைகள் படிக்க என்று எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்திருந்தார்.

முத்துலட்சுமி ஏழாம் வரியை மாற்றினாள்: 'தாயம்மை தந்த மண்ணில் சுவரெழுப்பினார்.' மேனேஜர் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். "ஒரு வரிதானே டீச்சரே. அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க."

"பதினோரு வரியில உங்க தாத்தாவைப் புகழ்ந்துதானே இருக்கு சார். அதெல்லாம் நிசம், அதனால நிக்குது. இந்த வரிக்கும் வேற சாட்சி கொண்டாங்க, இப்பமே மாத்திருதோம்."

மறுநாள் ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. அந்த வரி ஆதாரமற்றது, பள்ளிக்குக் களங்கம், மாணவியை மேடையேற்றக் கூடாது என்று அதில் இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். பத்திரத்தின் நகலை என் கண்ணால் பார்த்திருந்தும் போட்டேன். என் மகளுக்கு அதே பள்ளியில் வேலை கேட்டிருந்தேன். காரணம் அவ்வளவுதான்.

டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் பெயர் பெயராகப் படித்தார். என் பெயரில் விரல் நின்றது. "வசந்தா டீச்சரே, ஸ்டெப் எழுதாம விடையை மட்டும் போட்டா நீங்க மார்க் போட மாட்டீங்களே. இதுல எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்.

ஆண்டு விழா அன்று உள்ளே மேடையில் நடனம் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் முத்துலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே, தெருவில் போய் நின்றார். சுமைக்காரர்கள் அரிசி மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். அந்தப் பெண் பன்னிரண்டு வரியையும் வாசித்தாள். ஏழாம் வரி வந்ததும் ஒரு சுமைக்காரர், "அதை ஒண்ணுகூடிச் சொல்லு மோளே" என்றார். அவள் இன்னொரு முறை சொன்னாள். வாசல் கம்பிக்கு உள்ளே நின்று நானும் கேட்டேன். வெளியே போக எனக்குக் கால் வரவில்லை.

விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பிய மெமோவுக்கு டீச்சர் எழுதிய பதில் இரண்டே சொல்: "சாட்சி உண்டு." அதற்கு இரண்டு மாத சஸ்பென்ஷன். ஹெட்மிஸ்ட்ரஸ் பதவியும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வந்த பிறகு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு சாப்பாட்டு வேளையில் தன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "கோவம் போகல டீச்சரே. ஆனா பசிக்குதுல்ல, சாப்பிடுங்க." ஓய்வு பெறும்வரை அந்தக் கையெழுத்தைப் பற்றி இருவருமே பேசியதில்லை. பேசாமல் இருந்தது என் கோழைத்தனம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று பள்ளியில் இரங்கல் தீர்மானத்தின் நகல் வந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வாசிக்கப் போகிறார்களாம். 'நிர்வாகத்தின் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்டு நடந்த பண்பாளர்' என்று அதில் எழுதியிருக்கிறது. இசக்கியம்மாள் டீச்சர்! படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது, அதற்கும் பிறகு கோபம் வந்தது. மூத்த ஆசிரியை என்பதால் முதல் கையெழுத்து நான் போட வேண்டுமாம். பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதினேன்.

எனக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது. என் மகளுக்கு இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறது. அவளும் அதே மேனேஜரின் கீழ்தான் வேலை பார்க்கிறாள். அதனால் முதலில் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "அம்மா, அன்னிக்கு எனக்காகத்தானே கையெழுத்துப் போட்டே? இப்போ எனக்காகவே அந்தக் கையெழுத்தைத் திரும்ப எடுத்துடு" என்றாள்.

எடுத்துவிட்டேன். எங்கள் பள்ளி நிற்கும் மண்ணைக் கொடுத்தவர் தாயம்மை. முத்துலட்சுமி எழுதியது உண்மை. அது ஆதாரமற்றது என்று நான் இட்ட கையெழுத்துதான் பொய். டீச்சரே, இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலே உங்களை அனுப்பிவிட்டேன். சென்று வாருங்கள். வெள்ளிக்கிழமை தீர்மானத்துக்குப் பதிலாக இந்தக் கட்டுரையை நானே எழுந்து வாசிப்பேன். மைக்கை நிறுத்தினால் நிறுத்தட்டும். முப்பது வருடமாகக் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி கணக்குச் சொல்லிக் கொடுத்த தொண்டை இது.