அத்தை வைத்த தாய்லாந்துப் பரீட்சை

கல்யாணம் ஆன ஆறாவது மாதம் என் வீட்டுக்காரர் தாய்லாந்துக்குப் போய்விட்டார். ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவரை அங்கே ஒரு மில்லில் கூப்பிட்டுக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாமனார் முன்பே காலமாகியிருந்தார். ஆக, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் மிஞ்சியது நானும் என் மாமியாரும்தான்.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, அவளை அனுப்பி வை என்று ஒரு வருடம் கழித்து அவர் எழுதினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அத்தையோ ஒரே போடாகப் போட்டார்.

"அந்த ஊருப் பாஷ தெரியாம அங்க போயி ஊமச்சி மாதிரி நிப்பியா? உப்பு வேணும்னா எப்படிக் கேப்ப? மொதல்ல நாலு வார்த்த பேசப் படி. பொறவு பாக்கலாம்."

வத்திராயிருப்பிலிருந்து வாழ வந்தவளுக்கு மதுரையே தூரதேசம். தாய்லாந்து பாஷைக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரரே வழி செய்தார். லீவில் வந்த நண்பரிடம் ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். "அம்மா, நல்லா இருக்கியா? சாப்ட்டியா?" என்று தொடங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லி அர்த்தமும் சொல்லியிருந்தார்.

மனிதர் அந்தப் பாஷையைக் கற்றதே மில்லுக்குள். ஆகையால் பாதிக்கு மேல் அதட்டல். 'யுத்' என்றால் நிறுத்து. 'மா' என்றால் வா. 'ரேவ் ரேவ்' என்றால் சீக்கிரம் சீக்கிரம். வீட்டில் அதிர்ந்து பேசாதவர், கேசட்டுக்குள் "மா ரேவ் ரேவ்!" என்று போட்ட சத்தத்தில் நான் பயந்தே போனேன். நல்லவேளை, உப்பு, தண்ணீர், விலை என்று குடும்பத்துக்கு ஆகிற சமாச்சாரமும் கடைசியில் கொஞ்சம் இருந்தது.

அடுப்படியில் டேப்ரிக்கார்டரை வைத்துக்கொண்டு படித்தேன். அத்தை பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். அவருக்கும் ஒட்டிக்கொண்டது. என்னைக் கூப்பிடுவதே "மா ரேவ் ரேவ்!" என்றாகிவிட்டது. பால்காரர் பயந்துபோய், "என்னம்மா, மருமகள ஏசுதியளா?" என்று கேட்டார்.

சாயங்காலமானால் பரீட்சை. அத்தை கத்தரிக்காயைப் பரப்பி, தாய்லாந்துக் கடைக்காரியாக உட்காருவார். நான் "தவ் ராய்?" என்று விலை கேட்க வேண்டும். "பேங்!" என்று, விலை அதிகம் என முகம் சுளிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் மறுநாள் இன்னொன்று. வயிற்றுவலி என்றால் என்ன சொல்வாய்? வழி தப்பிவிட்டால்? பாஸானாலும் பரீட்சை முடிந்தபாடில்லை. என்னை அனுப்ப இவருக்கு மனசே இல்லை என்று உள்ளுக்குள் பொருமினேன்.

ஒரு மத்தியானம் பூ வாங்கிக்கொண்டு திரும்பினேன். உள்ளே கேசட் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா, நல்லா இருக்கியா? சாப்ட்டியா?" டக்கென்று நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் அதே.

"சாப்ட்டேன்யா," என்று அத்தை டேப்ரிக்கார்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் போய்விட்டால் இந்த வீட்டில் இவர் யாரோடு பேசுவார்?

அன்றைக்குக் கத்தரிக்காய்க்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"வெலையக் கேளு," என்றார் அத்தை.

"மறந்து போச்சு அத்தை."

"உப்பு?"

"அதுவும் வரமாட்டேங்கு."

"ஏட்டி, காலைல அம்புட்டையும் கடகடன்னு ஒப்பிச்சவதான நீ? யாருகிட்ட நடிக்கிற? எனக்காகப் பாக்கியாக்கும்! அவன் அங்க தனியாப் பொங்கித் திங்கான். டிக்கெட்டு போடச் சொல்லு."

சொல்லிவிட்டு, "பாஸு போ," என்று ஒரு கத்தரிக்காயை என் மேல் எறிந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மெட்ராஸில் பிளேன் ஏற்றிவிட என் அண்ணன் கூட வந்தான். அத்தை பஸ் ஸ்டாண்டு வரை வந்து, மகனுக்குப் பால்கோவாவை என் மடியில் வைத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பஸ் நகர்ந்தபோதுதான் கூட்டத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ஏட்டி! மா ரேவ் ரேவ்!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

"அவிய என்னட்டி சொல்லுதாக?" என்றான் அண்ணன்.

"சீக்கிரம் வரச் சொல்லுதாக," என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.